உடம்பு சொல்வதா, முள் சொல்வதா?

விமானியின் முன்னால் இருக்கும் பேனலில் எழுத்தை யாரும் எழுதுவதில்லை. பால் வெள்ளை அக்ரிலிக் ஷீட்டின் மேல் மேட் கறுப்போ சாம்பலோ ஸ்ப்ரே அடித்து, நன்றாகக் காய்ந்தபின், அந்தப் பூச்சை லேசர் கதிரால் எழுத்து வடிவத்தில் சுரண்டி எடுக்கிறார்கள். பூச்சு போன இடம்தான் எழுத்து. பகலில் அறை வெளிச்சம் பட்டு அது வெள்ளையாகத் தெரிகிறது. இரவில் பேனலுக்குப் பின்னால் விளக்கு எரியும்போது அதே எழுத்து தானாக ஒளிர்வதுபோல் தோன்றுகிறது. நிஜ விமானங்களில் பல பத்தாண்டுகளாக இருக்கும் இந்த ஏற்பாட்டை, வீட்டு மாடி அறையில் சிமுலேட்டர் கட்டும் ஆர்வலர்கள் உலகெங்கும் கையால் செய்து பார்க்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் விமானம் பறக்கிறது. அதன் உயரமும் வேகமும் சாய்வும் அவர்கள் செய்த பேனலில் தெரிகின்றன.

இதற்கு வேண்டிய கைத்திறன் நாட்றம்பள்ளி வட்டாரத்துக்கு அந்நியமானதல்ல. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வாணியம்பாடியைத் தாண்டி வரும் இந்த ஊர், 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் தொழிலின் ஓரத்தில் இருக்கிறது. லேசர் மெஷின் இந்தப் பக்கத்தில் யாருக்கும் அதிசயம் இல்லை. தோலில் பெயர் பொறிக்கவும், நகைக்கடைக்கு பேக்லிட் போர்டு செய்யவும் அதுதான். இன்னொன்றும் இங்கே உள்ளவர்களுக்குப் பழக்கம். ஷூ கம்பெனிகளில் தோலின் நிறத்தை சாம்பிளோடு ஒத்துப் பார்க்க ஒரு விளக்குப் பெட்டி வைத்திருப்பார்கள். பகல் வெளிச்சம், கடை டியூப்லைட், மஞ்சள் பல்பு என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஒரு விளக்கில் ஒரே நிறமாக இருந்த இரண்டு துண்டுகள் அடுத்த விளக்கில் வேறு வேறாகிவிடும். பார்வை என்பது கண்ணும் பொருளும் மட்டும் முடித்துக்கொள்ளும் விவகாரம் இல்லை, விளக்கும் அதில் ஒரு கட்சி என்பது அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்பவருக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும்.

பேனல் செய்பவரும் இந்தப் பாடத்தில்தான் முதலில் தடுக்கி விழுகிறார். 3 மில்லிமீட்டர் ஷீட்டை லேசாகத் தேய்த்து, மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று முறை பெயிண்ட் அடிக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கும். அறையை இருட்டாக்கிப் பின்னால் விளக்கைப் போட்டால், கறுப்பு என்று நினைத்த பரப்பெல்லாம் ஊசித்துளை ஊசித்துளையாக நட்சத்திரங்கள். தூசி ஒட்டிய இடம், கோட் மெலிந்த இடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். ஒவ்வொன்றாகத் தொட்டு அடைக்க வேண்டும். ஷீட்டின் ஓரங்களுக்கும் பெயிண்ட் அடிக்காவிட்டால் அங்கே ஒளிக்கோடு கசியும். லேசரின் பவர் கூடினால் கதிர் அக்ரிலிக்கையும் தோண்டி எழுத்தின் விளிம்பு பிசிறும். குறைந்தால் பெயிண்ட் புகைபோலப் படிந்து நிற்கும். எல்.இ.டி.யைப் பேனலுக்கு மிக அருகில் வைத்தால் ஒரு எழுத்து கண்ணைக் குத்தும், பக்கத்து எழுத்து மங்கிக் கிடக்கும். அதனால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடைவெளி விட்டு, பின்பெட்டியின் உள்சுவருக்கு வெள்ளை அடித்து, ஒளியைக் கலக்க விடுகிறார்கள். பழைய விமானங்களில் 5 வோல்ட் இழை பல்புகள். அவற்றின் நிறத்தைப் பிடிக்க 3000 கெல்வின் அளவுள்ள மஞ்சள் கலந்த வெள்ளை எல்.இ.டி. தேடுகிறார்கள். ஆனாலும் ஒரு குறை நின்றுவிடுகிறது. இழை பல்பின் ஒளியைத் தணித்தால் அது சிவந்துகொண்டே மங்கும். எல்.இ.டி. சிவக்காது, மங்க மட்டும் செய்யும். இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கேலி செய்வது சுலபம்.

அளவுகளிலும் அதே பிடிவாதம். நிஜ விமானத்தில் பழைய வட்டக் கருவிக்கான துளை 3⅛ அங்குலம், அதாவது 79.4 மில்லிமீட்டர். வீட்டுப் பேனலிலும் அதேதான். அந்தத் துளைக்குள் ஓடும் முள்ளை நகர்த்துவது பெரும்பாலும் கார் டேஷ்போர்டில் இருக்கும் சின்ன ஸ்டெப்பர் மோட்டார். அதற்கு ஆணை தருவது ஓர் ஆர்டுயினோ போர்டு. அந்த போர்டுக்குத் தகவல் தருவது கம்ப்யூட்டரில் ஓடும் விமான விளையாட்டு. உயரம் 5,000 அடி என்று முள் காட்டுகிறது. அறை தரையிலிருந்து ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது.

அப்படியானால் அந்த முள் சொல்வது பொய்யா?

இந்தக் கேள்வியைச் சும்மா வாய்ச்சாதுரியத்துக்காகக் கேட்கவில்லை. விமானத்தில் சாய்வையும் திருப்பத்தையும் காட்டும் கருவிகள் தோன்றியதே மனித உடம்பு பொய் சொல்கிறது என்பது தெரிந்ததால்தான். உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் உண்டு. தலை திரும்பும்போது உள்ளே இருக்கும் திரவம் பின்தங்கும். அந்த வித்தியாசத்தைத்தான் நாம் ‘திரும்புகிறோம்’ என்று உணர்கிறோம். ஒரே சீராக இருபது விநாடிபோலத் திரும்பிக்கொண்டே இருந்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். உணர்ச்சி நின்றுபோகும். மேகத்துக்குள் விமானம் இடப்பக்கம் சாய்ந்து சுற்றிக்கொண்டிருக்கும்; விமானியின் உடம்பு ‘நேராகப் போகிறோம்’ என்று சத்தியம் செய்யும். சாய்வைச் சரிசெய்தால் உடம்பு ‘வலப்பக்கம் சாய்கிறோம்’ என்று அலறும். அதை நம்பி மறுபடி இடப்பக்கம் சாய்த்தால் விமானம் சுருள் சுருளாக இறங்கும். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவியை நம்பிப் பறக்கப் பழகாத 20 பேரை இப்படிச் சோதித்துப் பார்த்தார்கள். எல்லோரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடி பிடித்தது. மூன்று நிமிஷம்கூட இல்லை.

அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் முன்பே, 1929 செப்டம்பர் 24 அன்று, ஜிம்மி டூலிட்டில் என்ற அமெரிக்க விமானி மூடிய கூண்டுக்குள் அமர்ந்து, வெளியே ஒன்றையும் பார்க்காமல், கருவிகளை மட்டும் நம்பி ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். அதே காலத்தில் எட்வின் லிங்க் என்பவர் பயிற்சிப் பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் குடும்பத் தொழில் பியானோவும் ஆர்கனும் செய்வது. ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்தியைக் கொண்டே அவர் அந்தப் பெட்டியை ஆட்டவும் சாய்க்கவும் செய்தார். (ஆர்கன் துருத்திக்குக் காலங்காலமாகத் தோல்தான் என்பதை ஆம்பூர்க்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.) முதலில் வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். குழந்தைகள் காசு போட்டு ஆடினார்கள். 1934-இல் அமெரிக்க ராணுவம் விமானத் தபால் சேவையை ஏற்று நடத்தப்போய், மோசமான வானிலையில் விமானிகள் அடுத்தடுத்து இறந்த பிறகுதான் அந்த விளையாட்டுப் பெட்டியில் ஆறு வாங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட விமானிகள் அதில் பழகியிருந்தார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். மாடி அறையில் நாற்காலி ஆடுவதில்லை. உட்காதின் திரவம் அசையாமல் நிற்கிறது. ‘நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய்’ என்று உடம்பு சொல்கிறது. அது முழு உண்மை. ‘நீ 30 டிகிரி சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கிறாய்’ என்று பேனல் சொல்கிறது; அது கட்டுக்கதை. மேகத்துக்குள் நடப்பது அப்படியே தலைகீழாகிவிட்டது. ஆனால் வீட்டில் பழகும் பழக்கமோ, உண்மை சொல்லும் உடம்பை ஒதுக்கிவிட்டு, கதை சொல்லும் முள்ளுக்குக் கீழ்ப்படிவது. அங்கீகாரம் இல்லாத வீட்டுக் கருவியில் பறந்த நேரம் எந்த உரிமக் கணக்கிலும் சேராது என்பது வேறு விஷயம். கண் எந்த முள்ளிலிருந்து எந்த முள்ளுக்குப் போக வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்ற ஒழுங்கு மட்டும் கைகூடுகிறது. பொய்யைக் கொண்டு மெய்யைப் பழகலாமா?

நாட்றம்பள்ளியில் ராமகிருஷ்ண மடம் நெடுங்காலமாக இயங்குகிறது. அங்கே போய் இதைக் கேட்டால் சங்கரரின் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் இடம் காட்டுவார்கள். இரண்டாம் அத்தியாயம், முதல் பாதம், பதினான்காம் சூத்திரம். உலகம் பொய்யென்றால் அதற்குள் இருக்கும் வேதமும் பொய், பொய்யிலிருந்து முக்தி எப்படி வரும் என்று எதிராளி மடக்குகிறார். பொய்யிலிருந்து மெய்யான பலன் வருவதை நாளும் பார்க்கிறோமே என்கிறார் சங்கரர். பாம்பு கடித்துவிட்டது என்ற எண்ணத்திலேயே உயிர் போவதுண்டு. கடித்த பாம்பு எங்கே? கனவில் கண்டது பொய், கண்டோம் என்ற அறிவு விழித்த பிறகும் நிற்கிறது. இந்த வரிசையில் அவர் தரும் ஓர் உதாரணம் பேனல்காரருக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது: ஓலையில் கீறிய கோடு எழுத்து ஆகாது, எழுத்து என்பது ஒலி. ஆனாலும் அந்தப் பொய்க் கோட்டைப் பார்த்துத்தான் மெய்யான எழுத்தை அறிகிறோம். சுரண்டப்பட்ட பெயிண்ட், பின்னால் ஒரு விளக்கு, அதைப் படித்து ஒருவர் விமானத்தை நேராக்கக் கற்கிறார். சங்கரர் கணக்கில் இது அனுமதிக்கப்பட்டது.

ஆனால் சங்கரரின் பதில் கொஞ்சம் அதிகமாகவே தாராளம். பொய்யிலிருந்து மெய் வரலாம் என்றால், எந்தப் பொய்யிலிருந்து? தப்பான பாகையில் முள் ஒட்டிய பேனலும் பொய்தான், சரியான பாகையில் ஒட்டியதும் பொய்தான். ஒன்று கொல்லும், இன்னொன்று காக்கும். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விவகார நிலையில், அதாவது அன்றாட நடைமுறையில், பார்த்துக்கொள் என்று சங்கரரின் அத்வைதம் விட்டுவிடுகிறது. பேனல் செய்பவருக்கோ அந்த விவகாரம்தான் மொத்த வேலையும்.

புலனை நம்பாதே என்பதைத் தன் சொந்த நோயாகவே அனுபவித்தவர் ஒருவர் உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், உமராபாத் பக்கத்து அரபிக் கல்லூரிகளில் அவர் பெயர் தெரியாத மாணவர் இருக்க முடியாது: பாரசீகத்தின் தூஸ் நகரத்து இமாம் கஸ்ஸாலி, 1058-இல் பிறந்து 1111-இல் மறைந்தவர். ‘அல்-முன்கித்’ என்ற தன் வரலாற்று நூலில் அவர் புலன்களை விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறார். நிழல் அசையாமல் நிற்பதாகக் கண் சொல்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் நகர்ந்திருக்கிறது. நட்சத்திரம் ஒரு பொற்காசு அளவு என்று கண் சொல்கிறது. கணிதமோ அது பூமியைவிடப் பெரியது என்கிறது. அறிவு வந்து புலனைப் பொய்யாக்கிவிட்டது, ஆகவே அறிவையே நம்புவோம் என்று அவர் தீர்மானிக்கும்போது புலன்கள் எதிர்க்கேள்வி போடுகின்றன. அறிவு என்ற நீதிபதி வராதிருந்தால் எங்களைத்தானே நம்பியிருப்பாய்? அறிவுக்கு மேலே இன்னொரு நீதிபதி வந்து அறிவையும் பொய்யாக்க மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இந்தச் சந்தேகம் அவரை ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்து ஆட்டியது. எந்த வாதமும் அதை ஆற்றவில்லை. இறைவன் நெஞ்சில் போட்ட ஓர் ஒளியால்தான் தெளிந்தேன் என்று எழுதுகிறார்.

கஸ்ஸாலியின் அடுக்கை விமானத்துக்குள் அப்படியே வைக்கலாம். உடம்பைத் திருத்த முள் வந்தது. முள்ளைத் திருத்த?

1978 ஜனவரி 1 இரவு, பம்பாய் சாந்தாகுரூஸ் விமான நிலையத்திலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா 855, அந்த நிறுவனம் வாங்கிய முதல் போயிங் 747. பெயர் எம்பரர் அசோகா. கிளம்பியதும் வலப்பக்கம் லேசாகத் திரும்பிவிட்டு நேரானது. கேப்டனுக்கு முன்னால் இருந்த சாய்வு காட்டும் கருவி மட்டும் வலப்பக்கச் சாய்விலேயே நின்றுவிட்டது என்பது இந்திய விசாரணையின் முடிவு. கீழே அரபிக்கடல், இருட்டு, கடலுக்கும் வானுக்கும் நடுவே கோடு இல்லை. வலப்பக்கம் சாய்ந்திருப்பதாக நம்பிய கேப்டன் இடப்பக்கம் திருப்பினார், மேலும் திருப்பினார். துணை விமானிக்கு முன்னால் தனியாக இன்னொரு கருவி இருந்தது. மூன்றாவதாக மாற்றுக் கருவி ஒன்றும் இருந்தது. கேப்டன் பார்க்கும் கருவியை நம்ப வேண்டாம் என்று விமானப் பொறியாளர் எச்சரித்தது ஒலிப்பதிவில் இருக்கிறது. விமானம் 90 டிகிரிக்கும் மேல் சாய்ந்து கடலில் விழுந்தது. ஓடுபாதையை விட்டு எழும்பி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. 213 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கருவி தயாரித்தவர்கள் மீதும் போயிங் மீதும் தொடுத்த வழக்கை அமெரிக்க நீதிமன்றம் பின்னாளில் ஏற்கவில்லை. ஆகவே எது பழுது, எவர் பிழை என்பதே இரண்டு நாட்டு மேசைகளில் இரண்டாகக் கிடக்கிறது.

உடம்பை நம்பாதே, முள்ளை நம்பு என்ற பாடத்தை அந்தக் கேப்டன் மறக்கவில்லை. நீண்ட அனுபவம் உள்ளவர். முள்ளை நம்பித்தான் திருப்பினார்.

இந்தியத் தத்துவ மரபுகள் இரண்டைச் சேர்ந்த மீமாம்சகர்களுக்கும் நியாயவாதிகளுக்கும் நடுவே நூற்றாண்டுக் கணக்கில் நடந்த சண்டை இங்கே உயிரோடு வந்து நிற்கிறது. அறிவு தோன்றும்போதே செல்லுபடியாகத்தான் தோன்றுகிறது, அதைப் பொய்யாக்க வேறொன்று வரும்வரை நம்பலாம் என்பது மீமாம்சை. அப்படியில்லை, அறிவு செல்லுமா செல்லாதா என்பதை வெளியே போய்த்தான் சரிபார்க்க வேண்டும், கண்டது தண்ணீரா என்பது தாகம் தீர்ந்தால்தான் தெரியும் என்பது நியாயம். விமானத்தில் நியாயவாதி சொல்கிறபடி பலனைப் பார்த்துத் தெரிந்துகொள்ள உட்கார்ந்தால் கடல் வந்துவிடும். மீமாம்சகர் சொல்கிறபடி முதல் முள்ளை நம்பினாலும் கடல்தான். அதனால் விமானிகள் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார்கள். எந்த முள்ளிலும் நெடுநேரம் தங்காமல் சாய்வு, வேகம், உயரம், திசை என்று கண்ணை ஓட்டிக்கொண்டே இருப்பது. சாய்வு காட்டும் கருவி வலப்பக்கம் என்று சொல்லும்போது திசைகாட்டி வலப்பக்கம் ஓடாவிட்டால் இரண்டில் ஒன்று பொய். 1930-களிலேயே பிரிட்டிஷ் விமானப்படை ஆறு கருவிகளை ஒரு வகுத்த ஒழுங்கில் அடுக்கியதும் இதற்காகத்தான்: கண் போய்வரும் தூரம் குறைய வேண்டும்.

இந்த இடத்தில் சைவ சித்தாந்தத்துக்குப் போகாமல் முடியாது. அதன் ஆசான்களான சந்தான குரவர் நால்வரில் கடைசியானவர் உமாபதி சிவம், பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லையில் வாழ்ந்தவர். நூறு குறட்பாக்கள் கொண்ட அவருடைய ‘திருவருட்பயன்’ நூலில் இருளைப் பற்றித் தனி அதிகாரமே இருக்கிறது. அதில் அவர் செய்யும் ஒரு வேறுபாடு, அவர் காலத்தில் விமானம் இல்லை என்பதை மறக்க வைக்கிறது. சாதாரண இருட்டு பொருள்களை மறைக்கும். ஆனால் தன்னை மறைக்காது. இருட்டாக இருக்கிறது என்பதாவது நமக்குத் தெரியும். ஆணவம் என்னும் இருளோ பொருளையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். மறைந்திருக்கிறது என்பதே மறைந்துபோகும்.

விமான மருத்துவம் திசைமயக்கத்தை வகைப்படுத்தும்போது முதல் பிளவு இதுதான். மயங்குகிறோம் என்று விமானிக்கே தெரியும் மயக்கம் ஒரு வகை. தலை சுற்றுகிறது, ஏதோ சரியில்லை, கருவியைப் பார்ப்போம் என்று அவர் தோள் நிமிர்த்துவார். முதல் வகை என்று எண்ணிட்டிருப்பது அதுவல்ல. விமானிக்குத் தெரியாத மயக்கத்தையே முதல் வகை என்கிறார்கள். எல்லாம் நேராகத்தான் இருக்கிறது என்று அவர் தெளிவாக, நிம்மதியாக, சுருளில் இறங்குவார். இரவு ஒரு ஆபத்து, ஒப்புக்கொள்வோம். ஆனால் இரவு தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆபத்து. அதற்கு விளக்கு போதும். தெளிவு என்ற வேஷத்தில் வரும் மயக்கத்துக்கு விளக்கு போதாது.

சித்தாந்தத்தில் மாயைக்குக் கிடைக்கும் மரியாதையும் இங்கே பொருந்துகிறது. அத்வைதத்தில் மாயை தோற்றம்; சித்தாந்தத்தில் அது உள்ள பொருள். உடம்பு, கருவி, உலகம், அனுபவம் எல்லாம் அதிலிருந்து செய்யப்பட்டவை, ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு உதவியாகத் தரப்பட்டவை. விடியும்வரை எரியும் விளக்கு என்று அதை உமாபதி கருதுகிறார். சூரியனாக அவர் அதை ஏற்றுவதும் இல்லை, இருளோடு சேர்த்துத் தள்ளுவதும் இல்லை. வீட்டு சிமுலேட்டருக்கு இதைவிட நியாயமான இடம் தேடிக் கிடைக்காது. அக்ரிலிக்கும் மோட்டாரும் மெய்யான பொருள்கள். கம்ப்யூட்டர் கணக்குப் போட்ட சாய்வுக்கு முள் காட்டும் சாய்வு ஒத்துப்போகிறதா என்பது அளந்து பார்க்கக்கூடிய மெய். 5,000 அடி உயரம் மட்டும்தான் மெய்யில் இல்லாதது. செய்தவர் நேர்மை முழுக்க அந்த ஒத்துப்போதலில்தான் இருக்கிறது. எல்.இ.டி. சிவக்கவில்லையே என்று தூக்கம் இழப்பவரை இப்போது கொஞ்சம் மரியாதையோடு பார்க்கலாம். அவர் அலங்காரத்துக்கு அழவில்லை, சாட்சி திரியக்கூடாது என்று பார்க்கிறார்.

விளக்கு அளவு மீறினாலும் கேடு. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். பளீரென்று ஒரு நொடி விளக்கு போட்டால் மறுபடி முதலிலிருந்து. திருப்பத்தூர் மாவட்டத்தின் மறுமூலையில், ஜவ்வாது மலையின் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதற்குக் காரணமே அங்கே இரவு இரவாக இருந்ததுதான். 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அருகில் ஒரு கார் ஹெட்லைட்கூடத் தொந்தரவு. விமானிக்கும் அப்படியே. பேனல் பிரகாசமாக இருந்தால் வெளியே ஓடுபாதை விளக்கு தெரியாது. ஆகவே எந்தப் பேனலிலும் ஒளியைத் தணிக்கும் திருகு ஒன்று உண்டு. எழுத்து படிக்கும் அளவுக்கு மட்டும், அதற்கு மேல் ஒரு இம்மிகூட வேண்டாம் என்று திருகி வைப்பார்கள்.

காண்டல், கருதல் (ஊகம்) இரண்டும் கைவிடும்போது மூன்றாவதாக சித்தாந்தம் ஏற்கும் அளவை, அதாவது அறியும் வழி, உரை: நம்பத்தக்கவர் சொல். ஏர் இந்தியா 855-இல் பொறியாளரின் குரல் அதுவாக இருந்தது. ஆனால் உரைக்கும் சோதனை உண்டு, அதற்கு நாட்றம்பள்ளியே சாட்சி. 2016 பிப்ரவரி 6 அன்று இங்குள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய சத்தத்தோடு வெடிப்பு நடந்தது. தரையில் பள்ளம், நொறுங்கிய கண்ணாடிகள், பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விழுந்தது விண்கல் என்று அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அறிக்கை விட்டு நிவாரணமும் அறிவித்தார். விண்கல் விழுந்து மனிதர் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு நவீன காலத்தில் இல்லை என்பதால் உலகமே நாட்றம்பள்ளியைத் திரும்பிப் பார்த்தது. சில நாட்களில் நாசா விஞ்ஞானிகள், படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது, வானத்திலிருந்து வந்ததுபோல் இல்லை என்றார்கள். பதவியின் உயரம் சொல்லை அளவை ஆக்கிவிடாது. கேப்டனுக்கு அடுத்த வரிசையில் பக்கவாட்டாக உட்கார்ந்திருந்த பொறியாளர் பதவியில் கீழே. அந்த இரவு சரியான முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

அந்த நாற்காலியே பிறகு இல்லாமல் போனது. 1989-இல் சேவைக்கு வந்த 747-400 விமானத்தை ஓட்ட இரண்டு பேர் போதும். மூன்றாமவர் பார்த்த வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. வீட்டில் நிலைமை இன்னும் மோசம்: ஒருவர்தான். இடமும் பணமும் கருதிக் கேப்டன் பக்கத்துப் பேனலை மட்டும் செய்து நிறுத்திக்கொள்பவர்கள் உண்டு. அவருக்கு முன்னால் ஒளிரும் முட்கள் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரின் ஒரே கணக்கிலிருந்து வருபவை. ஒன்றோடொன்று முரண்படவே தெரியாதவை. நிஜ விமானத்தில் மாற்றுச் சாய்வுக் கருவிக்குத் தனி மின்சாரம் வைப்பார்கள், ஒன்று செத்தாலும் மற்றது பிழைக்க. வீட்டுப் பேனல் அந்த வகையில் நிஜத்தைவிட நிம்மதியானது. பயிற்சிக்கு அந்த நிம்மதிதான் விஷம்.

மென்பொருள்களில் கருவிப் பழுதை வேண்டுமென்றே உண்டாக்கும் வசதி இருக்கிறது. இந்தக் கருவி இத்தனையாவது நிமிஷத்தில் கெடட்டும் என்று தானே குறித்துவிட்டுப் பறந்தால் பயனில்லை. தெரிந்த மயக்கம் உமாபதி சொன்ன இருளில் சேராது. எப்போது, எது கெடும் என்பதை வீட்டில் வேறு யாராவது அமைக்க வேண்டும், சொல்லாமல் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். அதற்கு மனைவியோ மகளோ எதிர்வீட்டு ஷூ கம்பெனி சூப்பர்வைசரோ போதும். அவருக்கு விமானம் ஓட்டத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு முட்கள் ஒத்துப்போகவில்லை என்று பார்க்கத் தெரிந்து, அதைக் கேப்டன் நாற்காலியில் இருப்பவரிடம் உரக்கச் சொல்லத் தயங்காதவராக இருந்தால் போதும்.